சிலிக்கான் நைட்ரைடில் வைரப் படலம் விளிம்பில் உரிகிறது, அலுமினாவில் நிற்கவே இல்லை: எங்கே பார்க்க வேண்டும்?

இழைவெப்பம் (கேள்வி)

வணக்கம். ஹாட் ஃபிலமென்ட் சிவிடி முறையில் (சூடான கம்பி வாயுவைப் பிரித்து, அதிலிருந்து படலம் படியவைக்கும் முறை) செராமிக் வட்டுகளுக்கு வைரப் பூச்சு கொடுக்க வேண்டும். மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டில் கசிவைத் தடுக்கும் உறுப்பு) முகத்துக்கான பூச்சு. 6 முதல் 8 மைக்ரான் தடிமன் தேவை, மெருகேற்றுவது அதன் பிறகு.

அறை நீர்க்குளிர்ச்சி உள்ளது, கொள்ளளவு சுமார் 20 லிட்டர். 0.5 மி.மீ. டங்ஸ்டன் கம்பி நான்கு, 8 மி.மீ. இடைவெளியில் இணையாக நிற்கின்றன, ஒரு முனை ஸ்பிரிங்கில். கம்பியிலிருந்து வட்டுக்கு 8 மி.மீ. ஹைட்ரஜன் 300 எஸ்சிசிஎம் (நிமிடத்துக்குக் கன சென்டிமீட்டர், திட்ட நிலையில்), மீத்தேன் 6 எஸ்சிசிஎம், அழுத்தம் 30 டார். கம்பி 2100 டிகிரி, வட்டின் மேல்முகம் 820 டிகிரி செல்சியஸ். இரண்டும் ஒற்றை அலைநீள பைரோமீட்டர் (ஒளிர்வைப் பார்த்து வெப்பநிலை சொல்லும் கருவி) காட்டியவை. 12 மணி நேரத்தில் 6 மைக்ரான் வளர்கிறது.

வட்டுகள் 25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன். ஒரு வகை, யிட்ரியாவும் அலுமினாவும் சேர்த்துச் சின்டர் செய்த (தூளைச் சுட்டு இறுக்கிய) சிலிக்கான் நைட்ரைடு. இன்னொன்று 96 சதவீத அலுமினா. லேப்பிங் (தட்டையாக உரசித் தேய்த்தல்) முடிந்து இரண்டும் 0.2 மைக்ரான் சொரசொரப்பு. விதைப்புக்கு (படலம் வளரத் தொடங்குவதற்கான வைரத் துகள்களைப் பதிக்க) 1 மைக்ரான் வைரத்தூளால் தேய்த்து, அசிட்டோனில் அல்ட்ராசோனிக் கழுவல்.

நைட்ரைடில் நடுப்பகுதி நன்றாகப் பிடித்திருக்கிறது. விளிம்பை ஒட்டி 2, 3 மி.மீ. அகலத்துக்குப் படலம் ஆறும்போது செதில் செதிலாக உரிகிறது, அந்த இடம் நடுவைவிடக் கறுப்பு. அலுமினாவிலோ அறையைத் திறக்கும்போதே படலம் தூள்தூளாகக் கிடக்கிறது. ராமன் சோதனையில் (லேசர் ஒளிச் சிதறலால் பொருளை அறிவது) வைர முகடு நைட்ரைடின் நடுவில் 1332.5 அலைஎண், அலுமினாவில் மிஞ்சிய துணுக்குகளில் 1339. இரண்டிலும் 1500ஐ ஒட்டி அகலமான ஒரு மேடு. டைட்டானியம் அல்லது குரோமியம் இடைப்படலம் போட்டால் அலுமினா தேறுமா? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

படிகப்பித்தன்

காரணம் ஒன்றல்ல. இரண்டையும் கலந்து யோசித்தால் இரண்டுமே தீராது.

அலுமினாவை முதலில் முடித்துவிடலாம், அது வெறும் கணக்கு. அறை வெப்பம் முதல் 800 டிகிரி வரை சராசரி விரிவுக் குணகம், டிகிரிக்குப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால்: வைரம் சுமார் 3, சிலிக்கான் நைட்ரைடு 3 முதல் 3.3, சிலிக்கான் கார்பைடு சுமார் 4.5, அலுமினா சுமார் 8, ஸிர்கோனியா 10க்கு மேல். பல பேர் வைரத்துக்கு 1 என்று போட்டுக் கணக்கிடுகிறார்கள். அது அறை வெப்பத்தில் மட்டும் உள்ள மதிப்பு, சூடு ஏற ஏற அதுவும் ஏறும். 1 என்று போட்டால் நைட்ரைடில்கூட இல்லாத தகைவு (உள் அழுத்தம்) இருப்பதாகத் தெரியும்.

800 டிகிரி இறங்கும்போது அலுமினா வைரத்தைவிட 0.4 சதவீதம் அதிகம் சுருங்குகிறது. படலம் இரு திசையிலும் அமுக்கப்படுவதால், மீட்சிக் குணகத்தை ஒன்றிலிருந்து பாய்ஸான் விகிதம் கழித்ததால் வகுக்க வேண்டும். வைரத்துக்கு அது சுமார் 1200 ஜிகாபாஸ்கல். பெருக்கினால் 4.8 ஜிகாபாஸ்கல் அமுக்கத் தகைவு. உங்கள் ராமனும் இதையே சொல்கிறது: தகைவில்லாத வைரம் 1332.4 அருகில், உங்களுடையது 1339. ஓர் அலைஎண் நகர்வுக்கு சுமார் 0.57 ஜிகாபாஸ்கல் என்று எடுத்தால் 3.7 வருகிறது. துணுக்கின் ஓரங்கள் விடுபட்டுத் தளர்ந்திருக்கும், அதனால் முழு மதிப்பு தெரியாது.

இனி உரியும் ஆற்றல். தகைவின் வர்க்கத்தைத் தடிமனால் பெருக்கி 1200 ஜிகாபாஸ்கலால் வகுங்கள். 6 மைக்ரானுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 115 ஜூல். அலுமினா தானே விரிசல் விட ஏறத்தாழ 40 ஜூல் போதும். இடைமுகம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அலுமினாவின் தோலையே பெயர்த்துக்கொண்டு படலம் வெளியேறும் என்று பொருள். டைட்டானியமோ குரோமியமோ சில நூறு நானோமீட்டர் போட்டால் இந்த எண் மாறாது. எவ்வளவு சுருங்குவது என்பதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் 5 மி.மீ. அலுமினா, நடுவில் இருக்கும் மெல்லிய உலோகம் அல்ல. அலுமினா இந்தச் சூழலில் கார்பைடு உண்டாக்காது. அந்தக் குறையை இடைப்படலம் தீர்க்கும், தகைவைத் தீர்க்காது.

1 மைக்ரான் போதுமென்றால் ஆற்றல் 20 ஜூலுக்குக் கீழே வரும், அப்போது இடைப்படலத்துக்கு அர்த்தம் உண்டு. சீல் முகத்துக்கு 6 முதல் 8 மைக்ரான் என்றால் அலுமினாவை விட்டுவிடுங்கள். வளர்க்கும் வெப்பத்தை 600க்குக் கொண்டுவந்தாலும் தகைவு கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குதான் குறையும், வளர்ச்சி வேகமோ வெகுவாக விழும். ஸிர்கோனியா இதைவிட மோசம்.

நைட்ரைடுக்கு இதே கணக்கைப் போட்டால் தகைவு 0.3 ஜிகாபாஸ்கலைத் தாண்டாது, ஆற்றல் ஒரு ஜூலுக்கும் கீழே. அதனால் அங்கே உரிவதற்குத் தகைவைக் குறை சொல்ல முடியாது, இடைமுகம்தான் பலவீனம். 1500ஐ ஒட்டிய மேட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பச்சை லேசரில் எடுத்தால் வைரமல்லாத கார்பன் வைரத்தைவிடப் பல மடங்கு, ஐம்பது மடங்குக்குமேல்கூட, வலுவாகத் தெரியும். நடுவில் எடுத்ததையும் விளிம்பில் எடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதற்குப் பயன்.

ஒரு வேலை செய்யுங்கள். விளிம்பில் உரிந்த செதில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள். நைட்ரைடுத் துகள்கள் ஒட்டியிருந்தால் செராமிக்கின் மேல்தோல் பலவீனம். அதிகமாக அரித்தாலோ லேப்பிங்கில் நுண்விரிசல் விழுந்தாலோ அப்படி வரும். துகள் எதுவும் இல்லாமல் குழி குழியாக இருந்தால் விதைப்பு போதவில்லை. குழியும் இல்லாமல் வழவழவென்று கறுப்பாக இருந்தால் தொடக்கத்திலேயே கிராஃபைட் படிந்திருக்கிறது. பூச்சின் மேல்முகத்தை எத்தனை படம் எடுத்தாலும் இந்தத் தகவல் கிடைக்காது.

வெற்றிடவாசி

படிகப்பித்தன் சொன்னதோடு முழு உடன்பாடு. நான் வெப்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், 820 என்ற எண்ணை நம்ப முடியவில்லை.

கம்பி 2100 டிகிரியில் ஒளிர்கிறது. அந்த ஒளி வட்டில் பட்டுத் திரும்பி பைரோமீட்டருக்குள் நுழைகிறது, கருவி அதையும் வட்டின் ஒளியாகவே எண்ணிக்கொள்ளும். உண்மை வெப்பம் காட்டுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், எவ்வளவு குறைவு என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. இரு நிற பைரோமீட்டர் வாங்கினாலும் இந்தக் கோளாறு போகாது. அலுமினாவில் இன்னும் மோசம், அது பாதி ஒளி ஊடுருவக்கூடியது. கருவி வட்டையும் பார்க்கிறது, வட்டுக்குள்ளாக, வட்டு உட்கார்ந்திருக்கும் தாங்கியையும் பார்க்கிறது. படலம் வளரும்போது ஒளிக் குறுக்கீட்டால் அளவு ஏறி இறங்குவது தனிக்கதை.

அதே நைட்ரைடில் ஒரு வட்டை இதற்கென்று ஒதுக்குங்கள். பக்கவாட்டில் 1.5 மி.மீ. துளை இரண்டு, ஒன்று மையம் வரை, இன்னொன்று விளிம்பிலிருந்து 2 மி.மீ. ஆழம் மட்டும். துளைகள் மேல்முகத்துக்கு 1 மி.மீ. கீழே ஓட வேண்டும். உலோக உறையிட்ட கே வகை தெர்மோகப்பிளை (தொட்டு வெப்பநிலை அளக்கும் உணரி) இரண்டிலும் செருகி, வெறும் ஹைட்ரஜனில் கம்பியை வழக்கமான நிலைக்கு ஏற்றுங்கள். மையத்துக்கும் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். மையத்தில் 800 முதல் 850, விளிம்பில் அதைவிட 30 டிகிரிக்குமேல் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

வித்தியாசம் பெரிதாக இருக்கும் என்று நினைக்கக் காரணம், உங்கள் கம்பி வரிசை. நான்கு கம்பி, 8 மி.மீ. இடைவெளி என்றால் மொத்த அகலம் 24 மி.மீ. வட்டு 25 மி.மீ. வட்டின் ஓரத்துக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே சூடும் அணு ஹைட்ரஜனும் (சூடான கம்பியில் பிரிந்த தனி ஹைட்ரஜன் அணுக்கள்) வருகின்றன. வைரமல்லாத கார்பனை அரித்து நீக்குவது அணு ஹைட்ரஜன்தான். அது குறைந்த இடத்தில் அதே 2 சதவீத மீத்தேன் அதிகமாகிவிடுகிறது, படலம் கறுக்கிறது. வரிசை வட்டுக்கு வெளியே இரு பக்கமும், ஏறத்தாழ கம்பிக்கும் வட்டுக்கும் உள்ள தூரத்தின் அளவுக்கு நீள வேண்டும். ஆறு கம்பி போட்டால் 40 மி.மீ., பக்கத்துக்கு 7.5 மி.மீ. உபரி கிடைக்கும். மின்சக்தி ஒன்றரை மடங்காகும், வட்டின் சூடும் ஏறும். தூரத்தை 10 மி.மீ. ஆக்கியோ தாங்கியின் குளிர்ச்சியைக் கூட்டியோ பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: கறுப்பு ஓரம் சுற்றிலும் ஒரே அகலமா, அல்லது கம்பிக்கு இணையான இரு பக்கங்களில் மட்டும் அகலமா? முதலாவது என்றால் தாங்கி விளிம்பின் சூட்டை இழுக்கிறது. இரண்டாவது என்றால் கம்பி வரிசையின் குறைதான்.

அறையின் கசிவையும் பார்த்துவிடுங்கள். பம்ப் செய்து, வால்வை மூடி, 10 நிமிடம் விடுங்கள். 20 லிட்டர் அறையில் அழுத்தம் 0.01 மில்லிபார் ஏறினால் நொடிக்கு 0.00033 மில்லிபார் லிட்டர், அதாவது சுமார் 0.02 எஸ்சிசிஎம் காற்று. 306 எஸ்சிசிஎம் ஓட்டத்தில் அது பத்து லட்சத்துக்கு 65 பங்கு. நைட்ரஜன் இந்த அளவுக்கு வந்தாலே படிக முகமும் வளர்ச்சி வேகமும் மாறும். பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓ-ரிங்குகளைப் பாருங்கள். வளர்க்கும்போது அழுத்தத்தை மின்தேக்கி வகை கேஜில் மட்டும் பாருங்கள், வாயுவின் வெப்பக் கடத்தலை வைத்து அளக்கும் பிரானி கேஜ் ஹைட்ரஜனில் தப்பாகக் காட்டும்.

இழைவெப்பம்

செதிலைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. நைட்ரைடுத் துகள் ஒன்றும் ஒட்டவில்லை. 2, 3 மைக்ரானுக்கு ஒரு குழி, தேன்கூடு போல. குழிகளுக்கு நடுவே உள்ள பகுதி கறுப்பு. கறுப்பு ஓரம் கம்பிக்கு இணையான இரு பக்கங்களில் 3 மி.மீ., மற்ற பக்கங்களில் ஒரு மில்லிமீட்டர்தான். விதைப்பை எப்படி மாற்றுவது? ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அரிக்க வேண்டுமா?

நுண்விதை

குழிகளின் இடைவெளியே விதை அடர்த்தியைச் சொல்லிவிடுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி முதல் 2 கோடி விதை என்றால் அவற்றுக்கு நடுவே 2, 3 மைக்ரான் தூரம் இருக்கும். ஒவ்வொரு விதையும் பக்கவாட்டில் வளர்ந்து அடுத்ததைத் தொடுவதற்குள் படலம் ஒன்றரை மைக்ரான் உயர்ந்துவிடும். தொட்ட இடத்துக்குக் கீழே வெற்றிடம் மூடிக்கொள்ளும், அதற்குள் பிறகு எதுவும் போகாது. படலம் செராமிக்கைத் தொடுவது பரப்பில் ஒரு பகுதியில்தான். நடுவிலும் இதே நிலைதான் இருக்கும், அங்கே கிராஃபைட் இல்லாததால் தாங்கிக்கொண்டிருக்கிறது. சீலாக ஓடும்போது உராய்வில் நடுவும் போகும்.

1 மைக்ரான் தூளை விட்டுவிட்டு, வெடிமுறையில் செய்த 5 நானோமீட்டர் நானோவைரத்துக்கு மாறுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1000 கோடி விதை விழுந்தால் இடைவெளி 100 நானோமீட்டர். 10,000 கோடி விழுந்தால் 30 நானோமீட்டர். வெற்றிடம் உண்டாக இடமே இருக்காது.

விதை ஒட்டுவதும் ஒட்டாததும் மின்னேற்றத்தைப் பொறுத்தது. காற்றில் இருந்த சிலிக்கான் நைட்ரைடின் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும், நடுநிலை நீரில் அது எதிர் மின்னேற்றம் கொள்ளும். ஹைட்ரஜன் முனைகள் கொண்ட நானோவைரம் நேர் மின்னேற்றம், ஆகவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கார்பாக்சில் முனைகள் கொண்ட வகை எதிர் மின்னேற்றம், நைட்ரைடில் தங்காது. அலுமினாவுக்கு இதற்கு நேர் மாறாக வாங்க வேண்டும். கரைசல் வாங்கும்போது ஸீட்டா மின்னழுத்தத்தின் (கரைசலில் துகளின் மேற்பரப்பு மின்னேற்றத்தைக் காட்டும் அளவு) குறியைக் கேட்டு வாங்குங்கள். நிறைய பேர் துகள் அளவை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, விதைப்பே பயனில்லை என்கிறார்கள்.

லிட்டருக்கு அரை கிராம் செறிவு போதும். வட்டை அசிட்டோனிலும் ஐசோபுரோப்பனாலிலும் பத்துப் பத்து நிமிடம் கழுவி, கரைசலில் அல்ட்ராசோனிக்கில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் அயனி நீக்கிய நீரில் அலசி, ஈரம் காய்வதற்குள் சுத்தமான நைட்ரஜனால் ஒரே திசையில் ஊதித் தள்ளுங்கள். துளி தேங்கித் தானாகக் காய்ந்தால், அதன் ஓரத்தில் நானோவைரம் மோதிரம் போலக் குவிந்துவிடும். அந்தக் குவியல் செராமிக்கில் ஒட்டியிருக்காது, அதன்மேல் வளரும் படலமும் ஒட்டாது. வட்டின் விளிம்பில்தான் துளி தேங்கும், உங்களுக்குத் தொல்லையும் விளிம்பில்தான். 0.2 மி.மீ. சாய்வு வெட்டினால் துளியும் தேங்காது, கூர்முனையில் படலம் பிளப்பதும் குறையும்.

இதற்குப் பிறகு பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. 5 நானோமீட்டர் விதையை அணு ஹைட்ரஜன் தின்றுவிடும். மீத்தேன் இல்லாத ஹைட்ரஜனில் கம்பியை எரியவிட்டு "மேற்பரப்பைச் சுத்தம் செய்கிறேன்" என்று கால் மணி நேரம் வைத்தால் விதைப்பு வீண். கம்பி 1800ஐத் தாண்டும்போதே மீத்தேன் உள்ளே வந்திருக்க வேண்டும். முதல் அரை மணி 3 சதவீதம், பிறகு 1.5 முதல் 2.

புதுக் கம்பியை விதைத்த வட்டின் மேல் முதன்முதலாக ஏற்றவும் கூடாது. புது டங்ஸ்டன் தொடக்கத்தில் மீத்தேனின் கார்பனைத் தானே உறிஞ்சிக் கார்பைடாகும், விதைகளுக்குக் கார்பன் போதாமல் போகும். வட்டு இல்லாமல் 3, 4 சதவீத மீத்தேனில் 2000 டிகிரிக்குமேல் ஏற்றி, கம்பியின் மின்தடை உயர்ந்து ஒரே நிலையில் நிற்கும் வரை வையுங்கள். 0.5 மி.மீ. கம்பிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு கம்பி கண்ணாடி போல் உடையும். வட்டை வைக்கும்போது தாங்கியைக் கீழிருந்து இறக்கி ஏற்றும் வசதி இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் கம்பி நீண்டு தொய்கிறதா என்று பாருங்கள். 8 மி.மீ. தூரத்தில் 1 மி.மீ. தொய்வு பெரிய மாற்றம்.

அமிலம் பற்றி: செதிலின் அடியில் நைட்ரைடுத் துகளோ கண்ணாடிக் கட்டமோ ஒட்டாததால் உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. யிட்ரியா, அலுமினா சேர்ந்த நைட்ரைடில் துகள்களுக்கு இடையே கண்ணாடி இருக்கும். அதை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அரித்து மேற்பரப்பைக் கரடாக்கும், கார்பன் டெட்ராஃபுளோரைடு பிளாஸ்மாவும் மேற்பரப்பை அரித்துக் கரடாக்கும், படலம் பல் பிடித்தாற்போல் நிற்கும். கொஞ்சம் கூடினால் நைட்ரைடுத் துகள்களே ஆட்டம் காணும், படலம் அவற்றோடு சேர்ந்து வரும். தவிர, அந்த அமிலம் தோலில் பட்டதும் வலிக்காமலே உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல், தகுந்த கையுறை, புகை வெளியேற்றி, பக்கத்தில் இன்னொரு ஆள், இத்தனையும் இல்லாத இடத்தில் பாட்டிலையே திறக்கக் கூடாது. பிளாஸ்மா வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

வெற்றிடவாசி

ஓரம் இரு பக்கம் மட்டும் அகலம் என்றால் கம்பி வரிசைதான். மற்ற பக்கங்களில் உள்ள ஒரு மில்லிமீட்டர் தாங்கியால் வருவது. வட்டைச் சுற்றி, மேல்முகம் ஒரே மட்டமாக வரும்படி, அதே நைட்ரைடில் 5 மி.மீ. அகல வளையம் ஒன்று வையுங்கள். நடுவே 0.3 மி.மீ. சந்து விட்டால் படலம் இரண்டையும் சேர்த்து ஒட்டாது. விளிம்பின் குளிர்ச்சி வளையத்துக்குப் போய்விடும்.

நிறுத்தும் முறையை நீங்கள் எழுதவில்லை. மீத்தேனை முதலில் மூடி, ஹைட்ரஜனில் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பியின் சக்தியை முக்கால் மணியில் படிப்படியாக இறக்குங்கள். மீத்தேன் ஓடும்போதே சக்தியை இறக்கினால் 600 டிகிரிக்குக் கீழே மேல்முகத்தில் கறுப்புத் தோல் படியும். ஐந்து நிமிடத்தை அரை மணியாக நீட்டவும் வேண்டாம், கம்பியின் கார்பன் போய்விடும்.

பம்பின் வெளியேற்றத்தில் 300 எஸ்சிசிஎம் ஹைட்ரஜன் வருகிறது. காற்றில் 4 சதவீதம்தான் தீப்பிடிக்கும் எல்லை. நிமிடத்துக்கு 30 லிட்டர் நைட்ரஜன் கலந்தால் 1 சதவீதத்தில் நிற்கும். குழாயைக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள், திறப்பதற்கு முன் அறையை நைட்ரஜனால் இருமுறையாவது நிரப்பிக் காலி செய்யுங்கள்.

படிகப்பித்தன்

எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். விதைப்பை ஒப்பிட ஒரே வட்டே போதும். பாதி வட்டை 1 மைக்ரான் தூளால் தேய்த்துக் கழுவி, அந்தப் பாதி மேலே இருக்கும்படி வட்டை நிமிர்த்திப் பிடித்து, மற்றப் பாதியை மட்டும் நானோவைரக் கரைசலில் அமிழ்த்துங்கள். எல்லைக் கோடு கம்பிகளுக்குச் செங்குத்தாக வரும்படி வையுங்கள், அப்போது இரண்டு பாதிக்கும் ஒரே சூடு, ஒரே வாயு. முதல் ஓட்டத்தை ஒரு மணி நேரத்தில் நிறுத்தி நுண்ணோக்கியில் பாருங்கள். நானோவைரப் பாதி முழுக்க மூடியிருக்க வேண்டும். தேய்த்த பாதியில் தனித்தனிப் படிகங்கள் தெரியும், அவற்றுக்கு நடுவே இருக்கும் தூரத்தை உங்கள் செதிலின் குழிகளோடு ஒப்பிடுங்கள்.

ஒட்டுதலைச் சோதிக்க ராக்வெல் கூம்பை (கடினத்தன்மை அளக்கக் குத்தும் வைர முனை) எஃகுக்குப் போடும் 150 கிலோ சுமையில் போட வேண்டாம், செராமிக்கே பிளந்துவிடும். பூச்சில்லாத வட்டில் சுமையை ஏற்றிக்கொண்டே போய் எதில் விரிசல் விழுகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே உள்ள சுமையில் பூச்சு வட்டைக் குத்துங்கள். நடுவில் ஒன்று, விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே கம்பிக்கு இணையான பக்கத்தில் ஒன்று, செங்குத்துப் பக்கத்தில் ஒன்று. மூன்று குழியைச் சுற்றியும் உரிந்த வட்டத்தின் விட்டம் ஒன்றுபோல இருந்தால் சீல் முகத்துக்கு அனுப்பலாம்.